நீரில் வந்த பரியும் நிலத்தில் ஈனாத பெட்டையும்

பழவேற்காட்டு ஏரிக்கரையின் மீனவச் சிற்றூர்களுள் ஒன்று தோணிரேவு. 'ரேவு' என்னும் தெலுங்குச் சொல்லுக்குத் துறை என்பது பொருள். தோணிகள் வந்தடையும் துறை என்று ஊர்ப்பெயரே தன் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. இந்த ஏரி கடலோடு கலக்கும் இடத்தையொட்டி அமைந்த பழவேற்காட்டுத் துறைமுகம் விசயநகர அரசின் பெருந்துறைகளுள் ஒன்றாக விளங்கியது. பின்னர் ஒல்லாந்தர் 1613இல் இங்கே கெல்திரியா கோட்டையை எழுப்பி, 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக இதனைக் கொண்டிருந்தனர். இங்கிருந்து துணி போயிற்று. பெகு நாட்டிலிருந்து மாணிக்கம் வந்தது.

ஆனால் தமிழ்க் கடற்கரையில் வந்திறங்கிய பொருள்களுள் நம் புலவர்கள் விரும்பிப் பாடியது மாணிக்கத்தை அன்று, குதிரையைத்தான். இதே தொண்டை நாட்டுக் கரையில் இருந்த நீர்ப்பெயற்று என்னும் துறையில், வெண்மையான பிடரிமயிர் கொண்ட புரவிகளைச் சுமந்துவந்த நாவாய்கள் சூழ்ந்து நின்றதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பண்டங்களை வரிசைப்படுத்தும் பட்டினப்பாலை, நீர்வழி வந்த குதிரையையே முதலில் வைக்கிறது. மதுரைக்காஞ்சியும் மரக்கலத்தில் வந்த குதிரையை அறியும். சங்க காலத்தில் தொடங்கிய இந்த இறக்குமதி பாண்டியர், சோழர், விசயநகரர் காலங்களிலும் தொடர்ந்தது.

வகுப்பறையில் இப்பகுதிகளை நடத்தும்போதெல்லாம் வணிகச் சிறப்பைச் சொல்லி மேலே சென்றுவிடுகிறோம். ஓர் எளிய கேள்வியை நாம் கேட்பதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு விலங்கு கப்பலில் வந்துகொண்டே இருந்தது என்றால், அது இம்மண்ணில் பெருகவில்லையா? வந்தவற்றுள் பெட்டைக் குதிரைகள் இல்லையா? இருந்தன என்றால் அவை சினைப்பட்டபோது அவற்றை எப்படி வைத்துக்கொண்டார்கள்? எவ்வளவு நடத்தினார்கள், எதுவரை ஏறிச் சென்றார்கள், என்ன ஊட்டினார்கள்? கொட்டடிக்கு உரிய சிறு கேள்வியாக இது தோன்றலாம். ஓர் அரசின் கருவூலமே இதில் அடங்கியிருந்தது என்பதை மேலே காண்போம்.

பெயர் இருந்தது

முதலில் மொழியைக் கேட்போம். தொல்காப்பிய மரபியல், பெட்டை என்னும் பெயருக்கு உரியனவாக ஒட்டகம், கழுதை முதலியவற்றோடு குதிரையையும் எண்ணுகிறது. அதே மரபியல், கன்று என்று சொல்லத்தக்க இளமைப் பெயரைக் குதிரைக்கும் வழங்குகிறது. ஆகவே குதிரையில் பெண்ணையும் அதன் குட்டியையும் சுட்டத் தமிழில் இலக்கணம் ஒப்பிய பெயர்கள் இருந்தன. கண்ணால் காணாத ஒன்றுக்கு மரபுப்பெயர் வகுக்கும் வழக்கம் அரிது. எனவே சிறு அளவிலேனும் இங்கே பெட்டைகள் இருந்தன, குட்டிகளும் பிறந்தன என்று கருத இடமுண்டு.

ஆயினும் இலக்கியத்துள் நுழைந்தால் அந்தப் பெட்டை காணாமற்போகிறது. புரவி, பரி, இவுளி, கலிமா, பாய்மா என்று குதிரைக்குப் பெயர்கள் பெருகுகின்றன. அனைத்தும் போருக்கோ தேருக்கோ விரைவுக்கோ உரியவை. தலைவனின் தேரை இழுத்துக் கார்காலத்துக்குள் வீடு சேர்க்கும் குதிரையை முல்லைப்பாட்டுகள் எத்தனையோ முறை காட்டுகின்றன. வயிறு கனத்து மெல்ல நடக்கும் ஒரு பெட்டைக் குதிரையை நினைவுக்குக் கொண்டுவர முயன்றால் நம் நினைவு வெறுமையாகத் திரும்புகிறது. பெண்குதிரைக்கு 'வடவை' என்றொரு பெயருண்டு. அச்சொல்லைக் கேட்டவுடன் நமக்கு நினைவு வருவது கொட்டடி அன்று. கடலின் அடியில் பெண்குதிரை முகத்தோடு எரிவதாகப் புராணம் சொல்லும் ஊழித்தீ. குதிரை கடல்மேல் வந்தது. அதன் பெண்ணையோ கடலுக்கடியில் நெருப்பாக்கி வைத்தது மரபு.

வெளியார் கண்ட கொட்டடி

நம் நூல்கள் சொல்லாததை வெளியார் சொல்லியிருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், மார்க்கோ போலோ இந்தக் கரைக்கு வந்தார். அவர் 'மாபார்' என்று குறிக்கும் நாட்டில் ஐந்து அரசர்கள் ஆண்டனர். ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 2000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினர். ஆண்டு முடிவதற்குள் நூறு கூட எஞ்சவில்லை என்கிறார். குதிரை ஒன்றின் விலை 100 வெள்ளி மார்க்குக்கும் மேலாம். ஏன் இறந்தன? குதிரையைப் பேணத் தெரிந்தவர் இங்கே இல்லை. ஓர்முசு, கிசு, ஏடன் முதலிய துறைகளின் வணிகர்கள் குதிரை மருத்துவர்கள் இங்கு வராதவாறு பார்த்துக்கொண்டனர் என்பது அவர் தரும் காரணம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த ஆண்டு வணிகம் ஏது?

நம் கேள்விக்கு நேராக வரும் செய்தி ஒன்றையும் அவர் சொல்லியிருக்கிறார். இந்நாட்டில் குதிரை இனவிருத்தி நடப்பதில்லை. நல்ல சாதிப் பெட்டையை நல்ல சாதிக் கடுவன் சேர்ந்தாலும் பிறப்பது சிறுத்த, கால் கோணிய, ஏறிச்செல்லப் பயன்படாத குட்டிதான். இது பலமுறை முயன்று பார்த்துக் கண்ட முடிவு என்கிறார். ஆக, பெட்டைகள் இருந்தன, அவை சினைப்பட்டன, ஈன்றும் இருக்கின்றன. கோணிய கால்களோடு குட்டிகள் நிற்க முயன்றிருக்கின்றன. பாண்டிய நாட்டுக் கொட்டடி ஒன்றில் நிகழ்ந்த இத்துயரம் ஒரு வெனிசு நகரத்தாரின் ஏட்டில்தான் பதிவாகியிருக்கிறது.

அடுத்த சான்று பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் தருவது. பாண்டியனோடு ஆண்டுக்கு 1400 குதிரைகளுக்கு ஓர் ஒப்பந்தம் இருந்தது. குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். கடலில் இறந்த குதிரைக்கும் விலை கொடுத்தாக வேண்டும். பாரசீக வளைகுடாத் துறைகள் அனைத்திலுமிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் அனுப்பப்பட்டன என்றும், அவற்றின் விலையான 22 இலட்சம் தினார், கோயில் நிலங்களின் மிகுவருவாயிலிருந்தும் கோயிலைச் சார்ந்த கணிகையர் செலுத்திய வரியிலிருந்தும் தரப்பட்டது என்றும் எழுதுகிறார். எண்களில் மிகை இருக்கலாம். பாதியைத் தள்ளிவிட்டாலும் எஞ்சுவது பெருஞ்செல்வம்.

வசாப் கொட்டடியின் உள்ளேயும் பார்த்தவர்போல் எழுதுகிறார். பச்சைப் புல்லும் வாற்கோதுமையும் தின்று வளர்ந்த குதிரைக்கு இங்கே வெண்ணெயிட்டு வேகவைத்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் ஊட்டினார்கள். கொழுக்கட்டும் என்று முளையடித்துக் கயிற்றால் பிணைத்து 40 நாள் நிற்கவைத்தார்கள். பிறகு பழக்கம் எதுவும் தராமல், உரிய கலணையும் அங்கவடியும் இல்லாமல், திடீரென்று ஏறி வெறிகொண்டு ஓட்டினார்கள். வலிமையும் விரைவும் கொண்ட குதிரை சில நாள்களில் ஒன்றுக்கும் உதவாததாயிற்று.

மார்க்கோ போலோவும் சோறும் இறைச்சியும் கலந்த தீனியைக் குறிப்பிடுகிறார். இவர்களை வெறுப்போடு எழுதிய அயலார் என்று ஒதுக்கிவிட முடியாது. ஊட்டியது பகையால் அன்று, அன்பால்தான். மனிதனுக்குச் சிறந்தது எதுவோ அதையே குதிரைக்கும் தந்தார்கள். நெய்யும் பாலும் சோறும் ஓய்வும் செல்வக்குடியில் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கிடைக்கும் சிறப்புகள் அல்லவா? அந்த அன்பே குதிரையைக் கொன்றது.

நிற்பதும் ஓடுவதும்

இன்றைய கால்நடை மருத்துவ அறிவோடு வசாப்பின் சித்திரத்தை ஒப்பிட்டால் பல செய்திகள் தெளிவாகின்றன. நாள்கணக்கில் நின்று தானியம் தின்ற குதிரையைத் திடீரென ஓட்டினால் அதன் தசைகள் இறுகிச் சிதையும். ஞாயிறன்று ஓய்ந்து தானியம் தின்ற வண்டிக் குதிரைகள் மறுநாள் வேலையில் விழுந்ததால் ஐரோப்பியர் இதனைத் திங்கட்கிழமை நோய் என்றே அழைத்தனர். கடுவனுக்கே இக்கதி என்றால் சினைப்பெட்டைக்கு என்ன ஆகும்?

குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். நாள் கணக்கில் 340ஐ ஒட்டியது. கரு உண்டான முதல் இரண்டு வாரங்களில் அது கருப்பையில் ஓரிடத்தில் நிற்பதில்லை. அங்குமிங்கும் நகர்ந்து, 16ஆம் நாளையொட்டியே ஓரிடத்தில் தங்குகிறது. இந்தத் தொடக்க வாரங்களில் கரு எளிதில் கலையக்கூடியது. வெப்பமும் ஈரப்பதமும் மிக்க வேளையில் பெட்டையைக் கடுமையாக ஓட்டி அதன் உடற்சூடு ஏறினால் கரு தங்கும் வாய்ப்பு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் கடற்கரையின் புழுக்கத்தை அறிந்தவர்க்கு இதன் பொருள் விளங்கும்.

கரு நிலைத்தபின் நடுமாதங்களில், முன்பே சவாரிக்குப் பழகிய பெட்டை வழக்கமான மிதவேலையைச் செய்யலாம். நடையும் மெல்லோட்டமும் அதற்கு நன்மையே தரும். புதிய கடும்பயிற்சி தொடங்குவதும், நாலுகால் பாய்ச்சலில் விரட்டுவதும், தடை தாண்டவைப்பதும் கூடாது. உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிகள், சினைப்பட்ட நான்காம் மாதத்துக்குப்பின் பெட்டையைப் போட்டியில் இறக்கத் தடை விதிக்கின்றன. குட்டியின் எடையில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் ஏறுகிறது. அப்போது வயிறு நுரையீரலை நெருக்கும்; கலணையின் வார் வயிற்றை அழுத்தும். எட்டாம் மாதத்தையொட்டி முதுகில் ஏறுவதை நிறுத்துவதே பொதுவழக்கம். இறுதி முடிவைப் பெட்டையின் உடல்நிலையைச் சோதித்த மருத்துவர் சொல்லவேண்டும்.

ஏறுவதை நிறுத்தலாம், நடையை நிறுத்தலாகாது. ஈனும் நாள்வரை வெளியில் தானாக நடந்து மேயவேண்டும். கட்டிப்போட்ட சினைப்பெட்டைக்குக் காலிலும் அடிவயிற்றிலும் நீர் கோத்து வீங்கும், தசை தளரும், குடல் மந்தமாகும். 40 நாள் முளையில் பிணைத்துப் பின் விரட்டும் வழக்கத்தில் குதிரைக்குக் கூடாத இரண்டு செயல்களும் ஒருங்கே அமைந்துவிட்டன.

இனி அந்தக் கோணிய கால்கள். அரிசியிலும் தவிட்டிலும் பாசுவரம் மிகுதி, சுண்ணச்சத்து குறைவு. இவையே தீனியானால் குதிரை தன் எலும்பிலிருந்து சுண்ணத்தை எடுத்துக்கொள்ளத் தொடங்கும்; எலும்பு மென்மையாகும்; முக எலும்பு வீங்கும். கருவிலிருக்கும் குட்டியும் தாயின் எலும்பிலிருந்தே தனக்கானதை எடுக்கவேண்டும். கோணிய காலோடு குட்டி பிறக்க வேறு காரணங்களும் உண்டு. குறைமாதப் பிறப்பும் அவற்றுள் ஒன்று. ஆயினும் சோற்றை உண்டு முளையில் நின்ற பெட்டையின் வயிற்றில், மார்க்கோ போலோ சொன்னபடியான குட்டி உருவாவதில் வியப்பில்லை. பழியை மண்ணின்மீதும் வெயிலின்மீதும் மட்டும் சுமத்துவது பொருந்தாது என்பதே நம் கருத்து.

அறிவு இல்லாமல் இல்லை

இந்தியாவில் இதுபற்றிய அறிவே இருந்ததில்லை என்றும் சொல்ல இயலாது. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் குதிரைக் கண்காணிப்பாளனுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்குகிறது. கடுவன், பெட்டை, குட்டி ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் வேண்டும் என்கிறது. ஈன்ற பெட்டைக்கு முதல் மூன்று இரவுகளில் நெய், அடுத்த பத்து இரவுகளில் மாவும் எண்ணெய் சேர்ந்த மருந்தும், அதன்பின் வேகவைத்த தானியமும் புல்லும் பருவத்துக்கேற்ற உணவும் என்று அளந்து சொல்கிறது. பத்து நாள் குட்டிக்கு ஆறுமாதம்வரை பால் தரச்சொல்கிறது. நான்கு ஐந்து வயதில்தான் குதிரை வேலைக்குரியது என்கிறது. ஈன்ற தாய்க்கு மூன்று இரவு மட்டும் தந்த நெய்யை எல்லாக் குதிரைக்கும் எல்லா நாளும் தந்ததுதான் பிற்காலக் கொட்டடிகளின் கோளாறோ என்று எண்ணத் தோன்றுகிறது.

தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் நகுலனின் பெயரால் வழங்கும் அசுவசாத்திரத்தை வண்ணப்படங்களோடு வெளியிட்டது. இத்தகைய நூல்களில் நிறமும் சுழியும் பெரும் இடம் பெறுகின்றன. எந்தச் சுழி ஏறுபவனுக்கு நன்மை தரும், எது கேடு தரும் என்பது வாங்குபவனின் கேள்வி. பெட்டையின் வயிறு அவனுக்குரிய கேள்வியன்று. அதை அறிந்திருக்க வேண்டியவன் புல் பறித்துப்போட்டு லாயத்தில் உறங்கும் குதிரைக்காரன். அவன் எழுதவில்லை, அவன் சொன்னதை எழுதிவைத்தவரும் இல்லை.

வணிகத்தின் போக்கும் இதற்குத் துணைநின்றது. சோழர் காலத்திலேயே மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் தமிழகத்தில் இயங்கினர். விசயநகரத்தில் சாளுவ நரசிம்மன் குதிரைகளை உயிரோடும் இறந்தும் வாங்கினான். கடலில் இறந்தவற்றின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலும் விலை தந்தான் என்கிறார் போர்த்துக்கீசியரான நூனிசு. போருக்கு இன்றே குதிரை வேண்டும். 11 மாதம் சுமந்து, ஈன்று, நான்காண்டு வளர்க்கும் பொறுமை போர்க்களத்துக்கு இல்லை. இறந்த குதிரையின் வாலுக்குப் பொன் கொடுத்த அரசு, சினைப்பெட்டைக்கு ஒரு மேய்ச்சல் வெளியை ஒதுக்கியிருந்தால் வரலாறு சற்றே மாறியிருக்கக்கூடும்.

கடலுக்கு அப்பால் ஒரு சான்று

தமிழ் பேசும் நிலத்தில் குதிரை பெருகாது என்னும் கருத்தை மறுக்கும் சான்று பாக்கு நீரிணையில் கிடக்கிறது. பழவேற்காட்டிலிருந்து சோழமண்டலத்தை ஆண்ட அதே ஒல்லாந்துக் கும்பினி 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே உள்ள நெடுந்தீவில் போர்த்துக்கீசியரைத் தொடர்ந்து ஒல்லாந்தரும், பின் ஆங்கிலேயரும் குதிரை வளர்த்தனர். 1811 முதல் 1824வரை நோலன் என்னும் ஆங்கில அதிகாரி அத்தீவின் பொறுப்பில் இருந்து குதிரை வளர்ப்பை நடத்தினார். ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத்தின் தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன.

வளர்த்தவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் போகவில்லை. ஏறுவாரும் பூட்டுவாரும் இன்றி, நெடுந்தீவின் வெளிகளில் அவை தலைமுறை தலைமுறையாகப் பெருகி நிற்கின்றன. அங்கும் வெயில் கடுமை, நன்னீர் அரிது, வறட்சி வந்தால் குதிரைகள் மடிகின்றன. சிறுத்த உடலே அவற்றுக்கு. அரபுக் குதிரையின் அழகை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அங்குள்ள பெட்டைகள் யாருடைய சோற்றையும் தின்னவில்லை, முளையில் நிற்கவில்லை. புல்லைத் தேடி நாள்முழுதும் நடக்கின்றன; ஈனும் நாள்வரை நடக்கின்றன; குட்டி எழுந்தவுடன் அதையும் நடத்திச் செல்கின்றன.

இன்னொன்றும் உண்டு. நெடுந்தீவு சுண்ணப்பாறைத் தீவு. வீட்டு வேலிகள்கூடப் பவளக்கல்லால் அடுக்கப்பட்டவை. இங்கிலாந்தின் நியூமார்க்கெட், அமெரிக்காவின் கென்டக்கி ஆகிய புகழ்பெற்ற குதிரைப் பண்ணைப் பகுதிகளும் சுண்ணநிலங்களே. சுண்ணம் நிறைந்த மண்ணின் புல் குட்டியின் எலும்புக்கு உரமூட்டும் என்பது குதிரை வளர்ப்போரின் நீண்டகால நம்பிக்கை. பாண்டியனின் கொட்டடியில் இல்லாதிருந்த இரண்டும், நடையும் சுண்ணமும், இத்தீவில் தாமாகவே அமைந்தன. 2015இல் இலங்கை அரசு நெடுந்தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது.

தமிழகத்திலும் காலம் பிந்தி முயற்சி தொடங்கிற்று. படைக்குக் குதிரை தருவதற்காக ஒசூரை அடுத்த மத்திகிரியில் 1824இல் ஆங்கிலேயர் பண்ணை நிறுவினர். ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் ஆசுத்திரேலியக் குதிரைகள் சென்னைத் துறையில் இறங்கத் தொடங்கின. அரசு மாறியது, கப்பலின் கொடி மாறியது, குதிரை மட்டும் மறுபடியும் நீர்வழியே வந்தது.

இன்றைய பெட்டைகள்

குதிரைப்படைகள் மறைந்துவிட்டதால் இது முடிந்த கதை என்று எண்ணவேண்டாம். ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாச் சந்தையில் குதிரைகள் கைமாறுகின்றன. சுழி பார்ப்பது அங்கே இன்றும் மறையவில்லை. கடற்கரைகளில் குழந்தைகளைச் சுமப்பவை, திருமண ஊர்வலங்களில் மாப்பிள்ளையைச் சுமப்பவை, வண்டிப் பந்தயங்களில் ஓடுபவை ஆகியவற்றுள் பெட்டைகளும் உண்டு. அவற்றுள் எது சினை, எத்தனையாவது மாதம் என்று ஏறுபவர் கேட்பதில்லை. குதிரைக்காரருக்கோ அன்றாடக் கூலி அந்த முதுகில்தான் இருக்கிறது. மூன்று மாதம் ஏறாமல் நடத்திமட்டும் வைத்துக்கொள் என்பது சொல்ல எளிது. அந்த மூன்று மாத வருவாயை அவருக்கு யார் தருவார் என்பது கடினமான வினா. பாண்டியனுக்குப் பொன் இருந்தது, அறிவு வந்துசேரவில்லை. இன்றைய குதிரைக்காரருக்கு மருத்துவரின் அறிவுரை எட்டும் தொலைவில் இருக்கிறது, பொன்தான் இல்லை.

நம் இலக்கியத்தையும் கல்வெட்டுகளையும் படிப்போர்க்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். வந்திறங்கிய குதிரைகளை எண்ணிப் பெருமைப்படும் பழக்கம் நமக்கு உண்டு. வந்த எண்ணிக்கை எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிது கொட்டடியில் மடிந்த எண்ணிக்கையும், பிறவாமற்போன குட்டிகளின் எண்ணிக்கையும். இறக்குமதிப் பட்டியலைப் படிக்கும்போது, அதன் ஓரத்தில் வயிறு கனத்துக் கட்டுத்தறியில் நின்ற அந்தப் பெட்டையையும் சேர்த்துப் படிப்போமாக. அவளைச் சற்று அவிழ்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் மெல்ல நடத்திச் சென்றிருந்தால் போதும் என்பதை அறிந்த குதிரைக்காரன் ஒருவனாவது அக்காலத்தில் இருந்திருப்பான் என்றே நாம் நம்புகிறோம்.